ஐந்தேகால் டிகிரி ஹாயோ

“உன்னோடது எவ்வளவு?” என்று ஃபென்யா கேட்டாள்.

ஆய்வகத்தின் சின்னச் சமையலறையில் ஹாயோ வீம்கென் வெண்ணெய் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். அன்று அவருக்குப் பிறந்தநாள். அந்த ஊரில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு கேக் கொண்டுவர வேண்டும். மறந்தவரை அடுத்த பிறந்தநாள்வரை யாரும் மன்னிப்பதில்லை. வெட்டிய கை நின்றது.

“எது எவ்வளவு?”

“உன் மாடல்தான். காத்துல கரியமில வாயுவை ரெண்டு மடங்காக்கினா எத்தனை டிகிரி ஏறுது?”

“வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாளாச்சு?”

“நாலு.”

“நாலே நாள்ல கேட்டுட்ட. எங்க பக்கம் ஒருத்தன்கிட்ட மாடு எத்தனைன்னு கேக்கவே ரெண்டு தலைமுறை பழகணும்.”

“சொல்லக்கூடாதா?”

“தாராளமா சொல்லலாம். அஞ்சேகால்.”

ஃபென்யாவின் புருவம் அவளைக் கேட்காமலே மேலே போனது.

“பாத்தியா? இதே புருவம். வியன்னாவுல பாத்திருக்கேன், டோக்கியோவுல பாத்திருக்கேன். ஒரு தடவை என் பல் டாக்டர்கிட்டகூட பாத்தேன்.”

“மத்தவங்களுக்கெல்லாம் மூணுன்னு படிச்சேன்.”

“மூணு, மூணேகால், மூணு. ஒருத்தனுக்கு ரெண்டே முக்கால். அவனுக்கு உடம்பு சரியில்ல.”

“அப்ப உன்னோடது தப்பா?”

“இல்லையே. அவங்க எல்லாரும் சேர்ந்து தப்பா இருக்காங்க. நான் தனியா சரியா இருக்கேன்.”

“தனியா சரியா இருக்கறதுக்கும் தனியா தப்பா இருக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?”

ஹாயோ கத்தியை நக்கிக்கொண்டே யோசித்தார்.

“நூறு வருஷம்,” என்றார். “இருந்து பாக்கணும். கேக்கை எடுத்துக்கோ, ஓரத்துத் துண்டு நல்லா இருக்கும்.”

ஃபென்யா அதிகம் பேசுகிறவள் அல்ல. வந்த நான்கு நாளில் அவள் பேசிய நீளமான பேச்சே இதுதான். ஆனால் அன்று மாலை மிதிவண்டியில் வீடு திரும்பும்போது, அப்பா வயதுக்கு அருகில் இருந்த ஒரு மனிதரின் வருமானத்தை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட்டதுபோல அவளுக்குக் காது சூடாயிற்று. அந்த ஆய்வகத்தில் இயக்குநர் ஒருவரைத் தவிர எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். ஆனாலும் எல்லாவற்றையும் கேட்டுவிடலாம் என்று அதற்குப் பொருளில்லை.

காலநிலை மாடல் என்பது கணினிக்குள் வளர்க்கப்படும் ஒரு பூமி. கடல், காற்று, பனி, காடு எல்லாம் அதில் உண்டு. மனிதர்கள் மட்டும் கிடையாது, அதனால் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். உலகத்தில் சில டஜன் ஆய்வகங்கள் ஆளுக்கொரு பூமியை வளர்க்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாப் பூமிகளுக்கும் ஒரே தேர்வு வைப்பார்கள். கரியமில வாயுவை இரண்டு மடங்காக்கு, எல்லாம் அடங்கும்வரை பொறுத்திரு, பிறகு எத்தனை டிகிரி ஏறியது என்று சொல். கேள்வி இவ்வளவுதான். பதில்கள் இரண்டில் தொடங்கி ஐந்தரைவரை போகும். நாற்பது வருடங்களாக அறிஞர்கள் ஊர் ஊராகக் கூடி, ஒன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது உண்மை என்று முடிவு செய்து, விருந்து சாப்பிட்டுப் பிரிந்திருக்கிறார்கள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் அவர்களுடைய பூமிதான் அசல் பூமிக்கு மிக நெருக்கம். பக்கத்து ஆய்வகத்துப் பூமிக்குக் கடல் சரியில்லை, எதிர்வீட்டுப் பூமியில் ஆர்க்டிக் பனி ஆகஸ்டிலேயே காணாமல் போகிறது. ஆனால் எண் என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் ஊரோடு ஒத்து வாழவே விருப்பம். மூன்று என்பது மரியாதையான எண். மூன்று சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை. இதற்காக யாரும் மாடலைத் திருகுவதாகச் சொல்லமாட்டார்கள். மழை சரியாக வரவில்லை என்று மேகத்தின் திருகாணியைக் கொஞ்சம் திருகுவார்கள். மழை சரியாகும்போது பார்த்தால், தற்செயலாக, மூன்றும் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஹாயோவுக்கு அந்தத் தற்செயல் வாய்க்கவில்லை.

வட ஜெர்மனியின் வேஸர் ஆற்றுச் சதுப்பில், கண்ணுக்கெட்டிய தூரம் மேடே இல்லாத ஒரு பால்பண்ணையில் பிறந்தவர் அவர். அங்கே பார்ப்பதற்கு மாடும் மேகமும்தான் உண்டு. அண்ணனுக்கு மாடு போனது, இவருக்கு மேகம். ஓல்டன்பூர்க் ஆய்வகத்தில் பதினைந்து ஆண்டுகளாக அவருடைய வேலை ஒன்றுதான்: கடலின்மேல் தாழ்வாகப் படுத்திருக்கும் மேகங்களைக் கணக்குக்குள் கொண்டுவருவது. அந்த மேகங்கள் சூரியனைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் போர்வை. மற்றவர்களின் பூமிகளில் சூடு ஏறும்போது அந்தப் போர்வை கொஞ்சம் நைந்துபோகும். ஹாயோவின் பூமியிலோ, கடைசி மணி அடித்த பள்ளிக்கூடம்போல மேகமெல்லாம் சிதறி ஓடிவிடும். வெயில் நேராகக் கடலில் விழும். ஐந்தேகால் அப்படித்தான் வந்தது.

ஒரேயொரு மேகத்தைத் தவிர. நமீபியாவின் கரையோரக் கடலில், சாயங்காலமானால் ஒரு மேகத்துண்டு வந்து நிற்கும். வாயுவை இரண்டு மடங்காக்கினாலும் நான்கு மடங்காக்கினாலும் அது நகராது. எங்கோ கணக்கில் செய்த பிழை. எங்கே என்று ஹாயோ மூன்று கோடைகள் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். “அவர் நம்ம குடித்தனக்காரர். வாடகையும் தரமாட்டார், காலியும் பண்ணமாட்டார்,” என்பார் விருந்தாளிகளிடம்.

வீட்டில் அவருடைய பெருமை செல்லுபடியாகவில்லை. மனைவி இன்சா பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். “சனிக்கிழமை துணி காயப்போடலாமா வேண்டாமான்னு கேட்டா தெரியாதுங்கறார். ரெண்டாயிரத்து தொண்ணூறைப் பத்திக் கேட்டா மட்டும் டாண்ணு பதில் வருது,” என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வாள். பக்கத்து வீட்டு ராய்மர் ஒருநாள் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

“ஹாயோ, பேப்பர்ல போட்டிருக்கான். உங்க ஆளுங்கள்ல ஒருத்தன் ரெண்டுங்கறான், நீ அஞ்சுங்கற. அப்ப ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. நான் பழைய காரையே ஓட்டலாம், இல்லையா?”

“ராய்மர், உன் வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு அஞ்சு பேர் சொல்றாங்க. முட்டிவரைக்கும்னு ஒருத்தன், கழுத்துவரைக்கும்னு ஒருத்தன். வராதுன்னு சொன்னவன் யாராவது இருக்கானா?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்குக் கம்பளத்தை விரிக்கற?”

இப்படிப்பட்டவரை நவம்பரில் ஒருநாள் இயக்குநர் தன் அறைக்கு அழைத்தார். ஃபென்யாவும் அந்த அறையில்தான் இருந்தாள். மாடல்களை ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது அவள் பொறுப்பு.

இயக்குநர் ஆல்முட் டெர்பென் நல்லவர். குரல் உயர்த்தாதவர். ஆளை வேலையிலிருந்து தூக்கினாலும் “உங்களுக்கு ஒரு புதிய வாய்ப்பு” என்றுதான் சொல்வார்.

“டாக்டர் வீம்கென், சர்வதேசக் குழுவோட கடிதம் வந்திருக்கு. ரொம்பச் சூடாகற மாடல்களை இந்தத் தடவை சராசரியில சேர்க்க வேண்டாம்னு பேசிக்கறாங்க. நம்மளுதும் அதுல ஒண்ணு.”

“சூடா இருக்கறது குத்தமா?”

“குத்தமில்ல. தனியா இருக்கறதுதான். சராசரியில நாம இல்லன்னா, அடுத்த வருஷம் நமக்கு நிதி எதுக்குன்னு கேப்பாங்க. அப்ப நான் வேற ஆய்வகத்தோட மேகப் பகுதியை வாங்கி நம்ம மாடல்ல பொருத்தவேண்டியிருக்கும். உங்களுக்கும் ஒரு புதிய வாய்ப்பு இருக்கு. தரவுக் கிடங்குல.”

தரவுக் கிடங்கு என்பது அடித்தளத்தில், குளிரூட்டிகள் உறுமும் ஓர் அறை. அங்கே போனவர்கள் ஓய்வுபெறும் விழாவுக்குத்தான் மேலே வருவார்கள்.

“நாம தனியா இல்லை,” என்றார் ஹாயோ. “தெற்கு அரைக்கோளத்துல ஒரு ஆய்வகம் அஞ்சு புள்ளி ஒண்ணு சொல்லுது. கிழக்குல ஒண்ணு அஞ்சரை சொல்லுது. ரெண்டும் நமக்கு ஒட்டுமில்ல, உறவுமில்ல.”

டெர்பென் கண்ணாடியைக் கழற்றினார். “ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மூணு மாடல் ஒரே மாதிரி சொன்னா, அது பிழை இல்லை, இயற்பியல். அப்படின்னா நான் குழுவோட சண்டை போடுவேன். ஃபென்யா, மூணையும் அருகருகே வெச்சு எழுதுங்க.”

அதன்பிறகு வந்த வாரங்கள் ஹாயோவின் வாழ்க்கையில் பொற்காலம். அவர் நடையே மாறிவிட்டது. தெற்கையும் கிழக்கையும் பற்றிப் பெண் எடுத்த வீட்டாரைப்போலப் பேசினார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு ஆய்வகங்களுக்கும் அந்தக் கரையோரத்துக்குப் பேர்போன ஈஸ்ட் ஃபிரீசியத் தேயிலை ஒரு பொட்டலம் அனுப்பினார், கூடவே கற்கண்டும். சமையலறையில் மூன்று சொல்லும் மாடல்காரர்களின் கட்டுரை ஏதாவது கிடந்தால், அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார்.

“மூணு சாட்சி, ஃபென்யா. மூணு கண்டம். ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்லை. நீதிமன்றத்துல இதுக்குமேல என்ன வேணும்?”

ஃபென்யா தலையாட்டினாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. ஊரே ஒருபக்கம் நிற்க மறுபக்கம் நிற்பவர் சரியாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஜனவரியில் ஒரு பிற்பகல் அவள் மூன்று பூமிகளின் மேகப்படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆப்பிரிக்காவின் மேல் சரிந்தது. ஹாயோவின் பூமியில் நமீபியக் கரையில் குடித்தனக்காரர் வந்து நின்றார். பழகிய முகம், அவள் கண்டுகொள்ளவில்லை. அடுத்த படத்தில், தெற்கு ஆய்வகத்தாரின் பூமியில், அதே கரையில், அதே வேளையில், இன்னொருவர் வந்து நின்றார். மூன்றாவதிலும் வந்தார்.

அவள் வாயுவை நான்கு மடங்காக்கிப் பார்த்தாள். மூன்று பேரும் நகரவில்லை.

அசல் பூமியில் நமீபியக் கடலில் மேகங்கள் உண்டு, இப்படிச் சாயங்காலம் வந்து அசையாமல் நிற்கும் துண்டு கிடையாது. சரியான விடையை மூன்று மாணவர்கள் தனித்தனியாக எழுதலாம். ஒரே தப்பை ஒரே இடத்தில் மூன்று பேர் எழுதினால் வாத்தியாருக்குப் புரிந்துவிடும்.

அவள் இரண்டு ஆய்வகங்களுக்கும் பணிவாக எழுதிக் கேட்டாள். தெற்கிலிருந்து மறுநாளே பதில் வந்தது. மேகப் பகுதியை நாங்கள் கிழக்கத்தியாரிடம் வாங்கினோம், பதிலுக்கு எங்கள் கடற்பனியைக் கொடுத்தோம், மிக அழகாக எழுதப்பட்டது, எழுதியவர் தெரியவில்லை, தேயிலைக்கு நன்றி. கிழக்கிலிருந்து ஒரு வாரம் கழித்து வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் கோடைகால வகுப்பு எடுக்க ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். மாணவர்களுக்குப் பயிற்சிக்கென்று ஒரு மேகக் கணக்கை எங்கள் கணினியில் விட்டுப்போனார். பெயர்களை மட்டும் எங்கள் வழக்கத்துக்கு மாற்றிக்கொண்டோம். நன்றாக ஓடியதால் யாரும் அதைத் தொடவில்லை. அவரைத் தெரிந்தால் எங்கள் நன்றியைச் சொல்லவும். மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தார்.

ஹாயோவின் மஞ்சள் மழைக்கோட்டு அப்போது அவளுக்கு எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். சனிக்கிழமை கேல் கீரை நடை இருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

குளிர்காலத்தில் ஓல்டன்பூர்க்கில் கேல் கீரை நடைக்குப் போகாத அலுவலகம் கிடையாது. ஒரு கைவண்டியில் சாராயப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு, வயல்வெளியில் நடுங்கிக்கொண்டே நடந்து, கடைசியில் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்க வெந்த கீரையையும் பிங்கெல் தொத்திறைச்சியையும் மூச்சு முட்டச் சாப்பிடுவார்கள். சாப்பிடுமுன் எல்லோரையும் உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் ஏற்றுவார்கள், சாப்பிட்டபின் மறுபடி ஏற்றுவார்கள். யாருக்கு அதிகம் ஏறியதோ அவர் அந்த ஆண்டின் கீரை ராஜா. கழுத்தில் பன்றித் தாடையெலும்பு மாலை விழும். எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே கீரை. ஏற்றம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. வருடம் முழுவதும் அதிகம் ஏறுகிறவரைத் தள்ளிவைக்கப் பார்க்கும் ஒரு கூட்டம், வருடத்தில் ஒருநாள் அதிகம் ஏறியவருக்கு முடிசூட்டியது.

அந்த ஆண்டு அந்த முடி ஹாயோவுக்கு.

“கல்லு வெச்சிருக்கான்! சட்டைப்பையைத் தடவிப் பாருங்கடா!” என்று ஆய்வகத்தில் கடற்பனிக் கணக்கைப் பார்க்கும் டீட்மார் கத்தினார்.

“தடவிக்கோ. எல்லாம் சொந்தச் சதை,” என்றார் ஹாயோ. எலும்பு மாலை நெஞ்சில் ஆட, பெஞ்சின்மேல் ஏறிக் கோப்பையை உயர்த்தினார். “பொறாமைப்படாதீங்க, மூணு டிகிரிக் குஞ்சுகளா! நான் தனியாள் இல்லை. தெற்கே ஒருத்தன், கிழக்கே ஒருத்தன், நடுவுல நான்!”

மேசைகள் அதிர்ந்தன. டெர்பென்கூடக் கை தட்டினார். “திங்கக்கிழமை காலையில குழுவுக்குக் கடிதம் போயிடும், டாக்டர் வீம்கென். என் கையெழுத்து ஆயிடுச்சு.”

ஃபென்யா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் எழுந்துபோய் ஹாயோவின் முழங்கையைத் தொட்டாள்.

“வெளிய கொஞ்சம் வா.”

“இப்பவா? ராஜா சபையை விட்டுப் போகக்கூடாது.”

“வா, ஹாயோ.”

வெளியே பனிமூட்டத்தில் கைவண்டி காலிப் புட்டிகளோடு நின்றது. அவள் சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நீளமாகப் பேச வேண்டியிருந்தால் அவள் அப்படித்தான், வழியில் நின்றால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தவள்போலப் பேசுவாள்.

ஹாயோ கையிலிருந்த கோப்பையைக் கைவண்டிமேல் வைத்தார்.

“இன்னொரு தடவை சொல்லு. தெற்குலயும் குடித்தனக்காரர் இருக்கார்?”

“இருக்கார்.”

“கிழக்குலயும்?”

“சாயங்காலம் ஆனா வந்துடறார்.”

அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, காதுவரை போனது.

“என் மேகம் பூமத்திய ரேகையைத் தாண்டிடுச்சா! அடிப்பாவி, அதை முதல்ல சொல்லக்கூடாதா? என் பழைய சைக்கிளை வாசல்ல ‘இலவசம்’னு எழுதி வெச்சேன், மூணு மாசம் ஒருத்தன் தொடலை. என் மேகத்தை ரெண்டு நாடு எடுத்துக்கிட்டுப் போயிருக்கு! ‘அழகா எழுதப்பட்டது’ன்னா சொன்னாங்க?”

“மிக அழகா.”

“மிக அழகா,” என்று அவர் திருப்பிச் சொன்னார். எலும்பு மாலையைச் சரிசெய்துகொண்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு ஒருபக்கமாக இறங்கத் தொடங்கியது.

“அப்ப மூணு பேர் இல்லை.”

“இல்லை.”

“மூணு சட்டைப்பை. ஒரே கல்லு.”

ஃபென்யா கைவண்டியில் சாய்ந்துகிடந்த ஒரு புட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ரெண்டு மாசமா நான் சொன்னதை நானே கேட்டு, நானே ஆமாம்னு தலையாட்டிக்கிட்டிருந்திருக்கேன். தேயிலைவேற அனுப்பி. வகுப்பெடுக்கப் போனப்ப கணக்கை அங்கயே விட்டுட்டு வந்தது சுத்தமா மறந்துபோச்சு.” அவர் கைவண்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். புட்டிகள் கலகலத்தன. “நீ இதை எழுதாம விட்டா யாருக்கும் தெரியாது, இல்லையா?”

அவள் அவரைப் பார்த்தாள்.

“புருவத்தை எறக்கு. சும்மா கேட்டேன். நீ எழுதாம விட்டாலும் அந்த மேகம் நிக்கும், யாராவது பாப்பான்.” பிறகு, இன்னும் தணிந்த குரலில், “அடித்தளத்துல சன்னல்கூட இல்லை, ஃபென்யா. மேகம் பாக்கறவனுக்கு ஒரு சன்னல் வேண்டாமா?”

அவர் எழுந்தார், மூக்கைச் சிந்தினார், கழுத்தில் தாடையெலும்போடு நேராக உள்ளே போய் டெர்பெனின் காதருகே குனிந்தார். டெர்பென் தலையசைத்துத் தலையசைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும், “இதைத் திங்கக்கிழமை சொல்லக்கூடாதா? நல்ல கீரை, ஆறிப்போச்சு பாருங்க,” என்றார். கடிதம் போகவில்லை.

சர்வதேசக் குழு மகிழ்ந்தது. மூன்று சூடான மாடல்களை ஒரே மாடலாக எண்ணியதும் உலகச் சராசரி மூன்றை நோக்கி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. குடும்ப உறவுகளை இவ்வளவு நேர்த்தியாகக் கண்டுபிடித்ததற்காக ஃபென்யாவைப் பாராட்டி எழுதினார்கள். பாராட்டு அவளை உறுத்தியது. எடுத்த வேலையைப் பாதியில் விட அவளுக்குத் தெரியாது. ஆகவே மூன்று சொல்லும் மாடல்களையும் அதே தராசில் ஏற்றினாள். அவற்றிலும் குடித்தனக்காரரைப்போலக் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும் மச்சங்கள் இருந்தன. ஒரு கூட்டத்துக்கு இமயமலையில் ஒரே இடத்தில் அர்த்தமில்லாத பனி. இன்னொரு கூட்டத்துக்கு பிரேசிலில் ஒரே நாளில் தொடங்கும் ஒரே மழை. மூன்று சொன்ன பதினொரு பேரில் ஏழு பேர் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள்.

அவள் அதை இயக்குநரிடம் காட்டினாள்.

“சுவாரசியமா இருக்கு,” என்றார் டெர்பென். “ஆனா இதை யாரும் நம்மகிட்ட கேக்கலையே.”

ஹாயோவிடம் சொன்னபோது அவர் வெடித்துச் சிரித்தார். “அதெல்லாம் வேற, ஃபென்யா. மூணு சொல்றவன் சொந்தக்காரனா இருந்தா அது பாரம்பரியம். அஞ்சு சொல்றவன் சொந்தக்காரனா இருந்தா அது கூட்டுச்சதி.”

பிப்ரவரி முடிவில் ஆய்வகத்துக்குப் புதிய மேகப் பகுதி வந்தது. அந்த ஏழு பேரின் குடும்பத்திலிருந்தே வந்தது. பொருத்திய அன்று மாலை ஓட்டிப் பார்த்தார்கள்: மூன்றே அரைக்கால். டெர்பென் எல்லோருக்கும் ஷாம்பேன் ஊற்றினார். மழை முன்னைவிட மோசமாக வந்தது, நமீபியக் கரை மட்டும் சுத்தமாக இருந்தது. யாரோ குடித்தனக்காரருக்கு ஒரு நிமிடம் மௌனம் காக்கலாம் என்றார்கள், காத்தார்கள். ஹாயோவும் கோப்பையைப் பிடித்தபடி நின்றார். மறுவாரம் அவருடைய பெட்டிகளை டீட்மாரும் வேறு இருவரும் அடித்தளத்துக்கு இறக்கிக் கொடுத்தார்கள். டீட்மார் எப்போதும் கிண்டல் செய்கிறவர். அன்று படிக்கட்டு முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒப்பீட்டு அறிக்கையில் எல்லா மாடல்களையும் ஒரே படத்தில் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கீழே குளிர்ந்தவை, மேலே சூடானவை. ஓல்டன்பூர்க்கின் ஐந்தேகால் அந்தப் படத்தில் கடைசித் தடவையாக இடம்பெறப்போகிறது. அடுத்த அறிக்கையில் ஓல்டன்பூர்க் மூன்றின் வரிசையில் தோள் உரசி நிற்கும். குழு அனுப்பிய விதிமுறையில், சூடான மாடல்களை வெளிறிய சாம்பல் நிறத்தில், அடைப்புக்குறிக்குள் போடும்படி இருந்தது.

ஃபென்யா திரையில் அந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்தபோது அடித்தளத்திலிருந்து ஹாயோ மேலே வந்தார். கையில் கேக் இல்லை, காரணமும் சொல்லவில்லை. “மொய்ன்,” என்று அந்த ஊர் வணக்கத்தைச் சொன்னார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று புள்ளிகளைப் பார்த்தார். மேலே தனித்தனியாக, ஒன்றையொன்று தெரியாததுபோல நின்ற மூன்று சாம்பல் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார்.

“படம் உன்னோடதுதானே? நிறம் நீதானே முடிவு பண்றே?”

“விதிமுறை ஒண்ணு இருக்கு.”

“விதிமுறையை விடு. ஒண்ணு கேப்பேன், முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு.”

“கேளு.”

“அடைப்புக்குறி வேண்டாம். அந்த மூணு புள்ளிக்கும் ஒரே நிறம் போடு, ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு பாக்கறவனுக்குத் தெரியட்டும். நான் ஒருத்தன்தான்னு தெரிஞ்சா பரவாயில்லை. ஆனா அந்த ஏழு பேருக்கும் அதேபோல ஒரே நிறம் போட்டுடு. அவங்களும் ஒருத்தர்தான்னு தெரியட்டும். அதுக்கப்புறம் யாரு தனியா நிக்கறாங்கன்னு பாக்கறவனே எண்ணிக்கட்டும்.” தன் புள்ளியை விரலால் தொட்டார். “எனக்கு எந்த நிறம் வேணும்னாலும் குடு. சிவப்பு மட்டும் வேண்டாம், ஃபென்யா. சிவப்பு போட்டா, எண்ணிப் பாக்கறதுக்கு முன்னாடியே சூடுன்னு நினைச்சுடுவாங்க.”